கடலில் இல்லாத ஓர் இடத்தின் படம்

என் அன்பான பவானிக்கு,

உன் ஆண்டுத் திவசம் வருகிறது. உன் தம்பி குகன் இலண்டனிலிருந்தபடியே எல்லா ஏற்பாடும் செய்கிறான். நினைவு மலர் ஒன்றும் போடுகிறானாம். "அத்தான், நீங்கள் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. இந்த முறை படம் கிடம் ஒண்டும் வேண்டாம்" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நம் சொந்தபந்தம் முழுவதும் இதை வாசிக்கப்போகிறது என்பது தெரிந்தே எழுதுகிறேன். குகனின் மகள் வாணி திவசத்துக்கு முன்னரே கட்டாயம் வாசிக்க வேண்டும்.

உன் முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், மெல்பேர்ன், சிட்னி, இலண்டன், ரொறன்ரோ என்று எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் இருக்கிறது. அதில் தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவில், நீ கடைசியாகச் சுழியோடிப் பார்த்த கடலடி இடத்தின் படம் இருக்கிறது. நீ சொல்ல நான் வரைந்தது. அப்படி ஓர் இடம் கடலில் இல்லை. அது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் படத்தை நம்பி வாணி கடலுக்கடியில் போய்த் தேடியிருக்கிறாள். திவசத்தன்று இன்னும் ஆழத்துக்குப் போகப்போகிறாளாம். அவளைத் தடுக்க வேண்டுமானால், நீ சொல்ல விரும்பாமல் வைத்திருந்த ஒன்றை நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் கேட்காமல் எப்படிச் செய்வது? கேட்டால் யார் பதில் சொல்வது?

இந்த மலரை வாசிக்கிற பலருக்கு நீ வெரிபீ ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்த பவானி அன்ரி. கடலுக்குள் போகிற பவானியை அவர்களில் பாதிப்பேர் நம்பவேயில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், கூட வேலை செய்த ஒருத்தி இழுத்துக்கொண்டு போக, மெல்பேர்ன் குடாவில் ஒரு மரப்பாலத்துக்குக் கீழே நீ முதன்முதலாகச் சுழியோடினாய். மேலே வந்து முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இஞ்சேருங்கோ, கீழை ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் மணி அடிக்கேல்லை."

வாட்டில் நோயாளிகள் அடிக்கும் மணியைத்தான் சொன்னாய். அதற்குப் பிறகு உன்னை நிறுத்த ஆளில்லை. கோயில் மண்டபத்தில் யாரோ ஒருவர் "ஒட்சிசன் போத்திலோடை கடலுக்கை போறவவாம்" என்று குசுகுசுக்க, நீ திரும்பி நின்று, "ஒட்சிசன் இல்லை அண்ணை, வெறும் காத்துத்தான். நீங்களும் நானும் இப்ப இழுக்கிற அதே காத்து" என்று திருத்தினாய். எனக்கு வெட்கத்தில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிய வேண்டியதாயிற்று.

பிறகு மால்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோசோ தீவு. இலண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போன கையோடு ஒரு கிழமை அங்கே போய்ப் பார்ப்போம் என்று நீதான் கூட்டிக்கொண்டு போனாய். அந்தக் கடலின் தெளிவைப் பார்த்துவிட்டு, "இனி வேறை இடம் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிட்டாய். அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அங்கேதான். எங்கள் மகள் சுதா அதை "அம்மாவின்ரை தாய்வீடு" என்பாள்.

நான் நீந்தத் தெரியாதவன். கடல் என் கணுக்காலுக்கு மேலே ஏறியதில்லை. ஜெலிமீன் வந்திருக்கிறது என்று கரையில் பலகை வைத்திருந்தால் அன்று முழுவதும் சப்பாத்தைக் கழற்றமாட்டேன். என் இடம் கரைப்பாறை. மடிக்கிற கதிரை, தேத்தண்ணிப் போத்தல், வரைபலகை. நீ தண்ணீருக்குள் இறங்கியதும் குமிழிகள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்று எழும்பினால் குமிழி தெரியாது. அந்த நேரங்களில் எனக்கு என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. போத்தலில் தேத்தண்ணி குறைந்திருப்பதைப் பார்த்து விளங்கிக்கொண்டிருப்பாய்.

ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாகத் தொடங்கி, மெல்பேர்னில் தெரு வடிகால்களின் படங்களை வரைந்து ஓய்வுபெற்றவன் நான். கண்ணால் காணாத குழாய்களை மற்றவர்கள் தந்த அளவை வைத்து வரைவதுதான் என் தொழில். ஆகவே நீ மேலே வந்து சொல்லச் சொல்ல, கடலின் அடியை வரைவது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட நீ பாறையில் வந்து இருந்தவுடன் நான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்குவேன். எங்கே இறங்கினாய், எவ்வளவு ஆழம், இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன, எங்கே திரும்பினாய்.

"முதல் தேத்தண்ணி. பிறகு விசாரணை" என்பாய்.

"ஆறினா மறந்துபோடுவாய்."

"நான் மறந்தா என்ன, அந்தக் கல்லு எழும்பிப் போகப்போகுதோ?"

அப்படித்தான் நிலத்தைக் குடைந்துகொண்டு மறுபக்கக் கடலுக்குப் போகும் அந்தச் சுரங்கத்தை வரைந்தேன். ஒடுங்கிய குடாவுக்குள் கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் கடற்குதிரைகளின் இடத்தை வரைந்தேன். சுழியோடிகள் பார்ப்பதற்கென்றே தாழ்த்திவிட்ட பழைய பயணிகள் கப்பலை, அதில் கார்கள் ஏற்றும் தட்டில் மீன்கள் வரிசையில் நிற்பதை வரைந்தேன். ஒரு குகை வாசலில் எட்டுக்கால் கணவாய் ஒன்று தின்று முடித்த சிப்பிகளை அடுக்கி வைத்திருந்ததாம். சமையல் நடந்த இடம்போல இருந்ததால் நீ அதற்குக் 'குசினி' என்று பெயர் வைத்தாய். அந்தத் தீவில் சின்னச் சுழியோடிக் கடை நடத்துகிற கார்மென், உன் சிநேகிதி, எங்கள் படங்களைத் தன் கடைச்சுவரில் மாட்டினாள். ஒருநாள் போலந்துக்காரர் ஒருவர் "இன்றைக்குக் குசினிக்குப் போகிறோமா?" என்று அவளிடம் கேட்டபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய்.

ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையிலும் மூன்று வரி எழுதுவேன். சொன்னவர், வரைந்தவர், சரிபார்த்தவர். கடைசி வரி எப்போதும் வெறுமையாக இருக்கும். நான் வேலை செய்த கந்தோரில் சரிபார்த்தவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் வெளியே போகாது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீதான் சமாதானம் சொன்னாய். "சரிபாக்க வேணுமெண்டா நீங்கள்தான் இறங்கிப் பாக்கவேணும். வாறியளோ?"

கடைசித் தடவை நாங்கள் போனபோது முதல் மூன்று நாளும் நீ தண்ணீரில் இறங்கவில்லை. தடிமன் என்றாய். நாலாம் நாள் பின்னேரம் தீவின் வடக்குக் கரைக்குப் போனோம். உப்புப்பாத்திகளைத் தாண்டி, பாறை மட்டும் இருக்கிற இடம். கார்மென் மட்டும்தான் கூட வந்தாள். பெரிய பாறை ஒன்றின் மறைவால் இருவரும் இறங்கினீர்கள். காற்றாக இருந்ததால் குமிழிகளைக் காணவில்லை. வழமைபோலப் போத்தலில் தேத்தண்ணி குறைந்தது. வழமைபோல நீ வந்தாய்.

உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்து இருந்தாய். கேட்டேன். குளிர் என்றாய். துவாயைப் போர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சொல்லத் தொடங்கினாய்.

"புது இடம். ஒருத்தரும் பாக்காத இடம்."

"எங்காலை உள்ளுக்குப் போனனி?"

"முன்னுக்கு ஒரு பெரிய வாசல் கிடக்கு. அது வாற போற சனத்துக்கு. நான் அதாலை போகேல்லை. பக்கத்திலை ஒரு பதிஞ்ச வாசல், அதாலைதான் போனன். போனவுடனை ஒரு ஒடுங்கின ஓடை. இடப்பக்கம் ஒரு சின்னப் பொந்து. அதுக்குள்ளை தண்ணி சுழண்டு சுழண்டு நிக்குது."

"வலப்பக்கம்?"

"அறை மாதிரி ஒண்டு. வெறுமை. முந்தி மீன் இருந்திருக்கும் போலை. இப்ப வேறை கடலுக்குப் போட்டுதுகள்."

"ஆழம்?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "பதினெட்டு மீற்றர் எண்டு போடுங்கோ. பிறகு ஓடை விரிஞ்சு பெரிய மண்டபம் மாதிரி வருது. நடுவிலை தட்டைக் கல்லு. அந்தக் கல்லுக்குப் பக்கத்திலை ஒரு கிழட்டுக் கலவாய் மீன்."

"எவ்வளவு பெரிசு?"

"உங்கடை அளவு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அசையாது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடுது. ஒரு கண்ணாடியும் போட்டு விட்டா நீங்கள்தான். கிட்டப் போனனான். பயந்து கல்லோடை ஒட்டிக்கொண்டுது. ஆனா இடத்தை விட்டுப் போகேல்லை."

மீன் நிலையான பொருள் அல்ல, அதைப் படத்தில் குறிப்பது முறையில்லை என்றேன். "போடுங்கோ. அது எங்கையும் போகாது" என்றாய். நீ பிடிவாதமாக நின்றதால், 'கிழட்டுக் கலவாய் – எப்போதும் இங்கே' என்று சிறிய எழுத்தில் குறித்தேன்.

"அங்காலை?"

"முடிவிலை சுவரிலை ஒரு நீட்டு வெடிப்பு. அதாலை வெளிச்சம் விழுது. அதிலை நிண்டா வெளியிலை நீங்கள் நிக்கிறது தெரியும். நான் கனநேரம் அதிலைதான் நிண்டனான்."

அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்போம் என்று கேட்டேன். பிறகு சொல்லுகிறேன் என்றாய். பிறகு என்பது வரவேயில்லை. மெல்பேர்னில் எங்கள் டார்னெய்ட் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு கிழமையில், வயிற்றுக்குள் இருந்த நோயைப் பற்றிச் சொன்னாய். போவதற்கு முன்னரே உனக்குத் தெரியும் என்பதை டொக்டரின் வாயிலிருந்துதான் அறிந்தேன். இலை உதிர்ந்து முடிவதற்குள் நீ இல்லை.

கல்வெட்டு அச்சடிக்கும்போது இந்தப் படத்தைப் போட வேண்டும் என்று நான் நின்றேன். வாழ்க்கையில் நான் பிடிவாதம் பிடித்த சில விஷயங்களில் அது ஒன்று. குகன் தலையில் கை வைத்தான். "அத்தான், கல்வெட்டிலை கடல் படமோ? சனம் என்ன நினைக்கும்? தேவாரத்துக்கே இடம் காணாது." நான் விடவில்லை. அவளின் கடைசிச் சுழியோட்டம் இது, நோயோடும் போய்ப் பார்த்திருக்கிறாள், இதை எல்லோரும் அறியட்டும் என்றேன். அந்த இடம் கடலில் எங்கே என்று காட்டும் ஆள்கூறுகளையும், கரையிலிருந்து தூரத்தையும், ஆழத்தையும் ஒழுங்காகக் கீழே போட்டேன். பெயர் என்ற இடத்தில் 'பெயரிடப்படாதது' என்று எழுதினேன். கார்மெனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவள் அதைச் சுவரில் மாட்டவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். என் கை தளர்ந்துவிட்டது, கோடுகள் சரியாக வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் வாணி போன் எடுத்தாள். உன்னைப் பார்த்துச் சுழியோடப் பழகியவள் அல்லவா? லீவில் கோசோவுக்குப் போயிருக்கிறாள். கல்வெட்டைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள்.

"மாமா, நான் ரெண்டு தரம் இறங்கினனான். அங்கை ஒண்டும் இல்லை. வெறும் மணல்."

"என்ரை அளவு பிழைச்சிருக்கும் பிள்ளை" என்றேன். அதுதான் எனக்கு உடனே வந்தது.

"இல்லை மாமா. மேப் நல்லாத்தான் இருக்கு. ஆழம்தான் பிழை எண்டு நினைக்கிறன். ரெண்டாம் தரம் காத்து முடியிற மட்டும் தேடினனான். கூட வந்தவள் மேலை வந்து எனக்கு நல்ல ஏச்சு. திவசத்துக்குப் பூவோடை திரும்பிப் போறன். இன்னும் கீழை போய்ப் பாக்கப்போறன்."

"வேண்டாம் வாணி."

"ஏன் வேண்டாம்? மாமி பொய் சொல்லமாட்டா. அங்கை இருக்கு. நான்தான் சரியாத் தேடேல்லை."

மாமி பொய் சொல்லமாட்டா. அந்த வசனத்தோடு நான் பல நாள் மேசையில் இருந்தேன். வடக்குத் திசையைத் திருப்பிப் போட்டுவிட்டேனா, நீ சொன்ன தூரத்தை மீற்றருக்கு மாற்றும்போது பிழை விட்டேனா என்று அன்று எழுதிய தாள்களை எல்லாம் விரித்துப் பார்த்தேன். என் பிழை ஒன்றாவது அகப்படாதா என்று தேடினேன். அகப்பட்டிருந்தால் எவ்வளவு நிம்மதி. ஒரு பிழையும் இல்லை. கடைசியில் கார்மெனைக் கூப்பிட்டேன்.

திரையில் அவள் முகம் வந்தது. நான் கேட்டேன். அவள் எழும்பிப் போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன் என்றாள்.

நீ அன்று சுழியோடவே இல்லை. சிலிண்டரைத் தூக்க உனக்குப் பலம் இருக்கவில்லை. கார்மெனிடம் நோயைப் பற்றி முதல் நாளே சொல்லியிருக்கிறாய். உன்னை ஆழத்துக்குக் கொண்டுபோகமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சரி, தண்ணீரில் இருக்கவாவது விடு, அவர் கரையில் காத்துக்கொண்டிருப்பார் என்று நீ கேட்டிருக்கிறாய். அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால், நெஞ்சளவு தண்ணீரில், இரண்டு பேரும் கல்லில் இருந்தீர்களாம். நான் பார்த்துக்கொண்டிருந்த கடலில் குமிழிகள் இல்லாமல் போனது காற்றால் அல்ல.

"அவள் என்ன பேசினாள்?" என்று கேட்டேன்.

ஒன்றும் பேசவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தண்ணீரின் மேல் மெல்ல மெல்லக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாயாம். நேராக, பிறகு இடப்பக்கம், பிறகு நேராக. பிரார்த்தனை செய்கிறாய் என்று அவள் நினைத்தாளாம். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, "இப்போது அவர் என்னைத் தேடத் தொடங்குவார்" என்றாயாம். தலையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு எழும்பினாயாம்.

பவானி, உனக்கு அந்த நேரத்தில் கார்மென் இருந்தாள். ஒரு கடைக்காரி, வேறு நாட்டுக்காரி, அவளிடம் சொல்ல உன்னால் முடிந்தது. கரையில் தேத்தண்ணியோடு இருந்தவனிடம் முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பிளேனுக்கு ரிக்கற் தேடியிருப்பேன். உன் குளிசைகளை எண்ணி எண்ணி அடுக்கியிருப்பேன். இரவில் உன் மூச்சைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். உனக்கு வேண்டியிருந்தது வழமையான ஒரு பின்னேரம். தேத்தண்ணி, விசாரணை, பகிடி. அதை எனக்காகச் செய்தாயா, உனக்காகவா? இத்தனை வருடம் கூட இருந்தும், உன் மரணத்தைச் சொல்லக்கூடிய ஒரு மனிதனாக நான் உனக்கு அமையவில்லை. இதை இனி எந்த அளவுகோலை வைத்துத் திருத்துவது? சாவு ஒரு முறை உன்னைக் கொண்டுபோனது. கார்மென் சொன்ன பிறகு, நான் கடைசியாக வைத்திருந்த அந்தப் பின்னேரமும் போய்விட்டது.

சிட்னி மெரிலேண்ட்ஸிலிருந்து சுதா தினமும் பேசுகிறாள். அவளிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "அப்பா, ப்ளீஸ், விடுங்கோ. வாணியிட்டை மட்டும் மெல்லமாச் சொல்லுவம். வேறை ஆரும் செக் பண்ணப்போறதில்லை. அம்மாவைப் பற்றிச் சனம் கதைக்கும்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அந்தப் புத்தகம் இத்தனை வீடுகளில் இருக்கிறது. அதில் ஆள்கூறு இருக்கிறது, ஆழம் இருக்கிறது, அடியில் என் பெயர் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை சுழியோடப் பழகலாம். பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பவானி அன்ரியின் இடத்தை நான் கண்டுபிடிக்கிறேன் என்று காற்று முடியும்வரை மணலில் தேடலாம். பிழையான படத்தை வெளியே விட்டுவிட்டு நித்திரை கொள்ள எனக்குத் தெரியாது.

மூலப்படத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அழிறப்பரும் எடுத்து வைத்தேன். ஹீற்றர் காற்று தாளைத் தூக்கியபடி இருந்ததால், அதை மறுபக்கமாக இழுத்துவிட்டு நானும் போய் உன் கதிரையில் இருந்தேன். நீ போன பிறகு அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல் தடவை. படம் தலைகீழாக, நீ பார்த்திருக்கக்கூடிய பக்கமாக என் முன்னால் கிடந்தது.

முன்னுக்குப் பெரிய வாசல், வாற போற சனத்துக்கு. நாங்கள் ஒருநாளும் பாவிக்காத எங்கள் முன்கதவு. பக்கத்தில் பதிஞ்ச வாசல், கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு. ஒடுங்கிய ஓடை. இடப்பக்கத்துப் பொந்தில் சுழலும் தண்ணீர், உடுப்புத் தோய்க்கும் மெஷின். வலப்பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் அறை, சுதா சிட்னிக்குப் போன பிறகு நாங்கள் கதவைச் சாத்தி வைத்திருக்கும் அறை. பிறகு விரிகிற மண்டபம். நடுவில் தட்டைக் கல். நான் கை ஊன்றிக்கொண்டிருந்த மேசை.

கிழட்டுக் கலவாய் குறிக்கப்பட்டிருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் என் கதிரை வெறுமையாக இருந்தது.

ஆயுள் முழுவதும் படம் வரைந்தவன், பவானி. நான் குடியிருக்கிற வீட்டின் படத்தை நானே வரைந்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பியும் கண்டுபிடிக்கவில்லை. என் விசாரணைக்குத் தாக்குப்பிடிக்க உனக்கு ஒரு நிசமான இடம் வேண்டியிருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய இடம் உனக்கு இது ஒன்றுதான். அந்தக் குளிர் தண்ணீரில் இருந்துகொண்டு, விரலால் வீட்டுக்குள் வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் பென்சிலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆழம் எவ்வளவு என்று கேட்டேன்.

அழிறப்பரை மேசையில் வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கராஜிலிருந்து தொடங்கி ஒழுங்காக அளந்துகொண்டு வந்தேன். நீ சொன்ன தூரங்கள் கடலுக்காகப் பெருப்பித்தவை. ஆனால் ஓடைக்கும் மண்டபத்துக்கும் உள்ள விகிதம், பொந்துக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி, எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை. சரியாக இருக்க இருக்கத் திரும்பத் திரும்ப அளந்தேன். வாழ்நாளில் நீ சொல்லி நான் வரைந்த படங்களில், நான் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடியதாக இருந்தது இது ஒன்றுதான்.

கடைசியாக அந்த நீட்டு வெடிப்பு. குசினித் தொட்டிக்கு மேலே இருக்கிற யன்னல். அதிலை நிண்டா வெளியிலை நீங்கள் நிக்கிறது தெரியும் என்றாய். போய் நின்று பார்த்தேன். குளிருக்குச் சாக்குப் போர்த்த கறிவேப்பிலைச் சாடி தெரிந்தது. அயலவரின் வேலி தெரிந்தது. சாடிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற ஆள் இல்லை, ஏனென்றால் அவன் உள்ளே, உன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு இடத்திலும் நிற்க ஒருவனால் எப்படி முடியும்?

எவ்வளவு காலம் அந்த யன்னலில் நின்று என்னைப் பார்த்திருக்கிறாய்? நான் ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினேனா? ஞாபகம் இல்லை. எத்தனையோ பின்னேரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வாணி, இதை வாசிக்கிறாய்தானே? அங்கே ஒன்றும் இல்லை, பிள்ளை. எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மணல்தான். உன் மாமி அங்கே போகவில்லை. திவசத்தன்று கடலுக்குள் இறங்காதே. பூவைக் கரையில் நின்று போடு. மாமி பொய் சொல்லமாட்டா என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றிச் சொன்னாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டார்னெய்டுக்கு வா. கராஜ் பக்கத்தால் வா. மற்ற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கல்வெட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். தேவாரம் இருக்கட்டும்.

மூலப்படத்தை நான் அழிக்கவில்லை, பவானி. ஆள்கூறுகளையும் ஆழத்தையும் மட்டும் அழித்தேன். கடைசி வரியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன். பெயர் என்ற இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அது நீ சொல்ல வேண்டியது.

வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிச் சுதா கேட்கிறாள். பாவம், அவளுக்கு என் மேல் பயம். இந்தப் பெரிய வீட்டில் எனக்கும் பயம்தான். பின்னேரம் ஆனதும் மேசைக்குப் பக்கத்தில் என் கதிரையில் வந்து இருந்துவிடுகிறேன். பேச ஆளில்லாததால் வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். கராஜ் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒருவரும் நீந்தி வருவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல முடியும். 'எப்போதும் இங்கே' என்று அன்று நீ எழுதச் சொன்னாய். நிலையில்லாத பொருள், எழுதக்கூடாது என்றேன். நீ விடவில்லை. எழுதிவிட்டேன். அந்த வரி பிழையாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

'இஞ்சேருங்கோ' என்று நீ கூப்பிட்டால் இப்போதும் எழும்பி வரக்கூடிய,
உன் மனிசன்